சொந்தத்தில் கட்டியதால்தான் கரு தங்கவில்லையா?

4 பிப்ரவரி 2024, உசிலம்பட்டியிலிருந்து ஒரு வாசகி கேட்டது

எனக்கு 29 வயது. தாய்மாமா மகனைக் கட்டி ஆறு வருஷம் ஆகிறது. மூன்று தடவை உண்டாகி, மூன்றும் பத்து வாரத்துக்குள் கலைந்துவிட்டது. கடைசியாகப் போன நவம்பரில். மதுரையில் நான் காட்டும் கிளினிக்கில், "ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தக்கட்டு, அதனால உங்க உடம்புக்குக் கரு அடையாளம் தெரியாம வெளிய தள்ளுது" என்கிறார்கள். வீட்டுக்காரர் ரத்தத்திலிருந்து செல்லைப் பிரித்து எனக்கு ஊசியாகப் போட்டால் தங்குமாம். மாமியார் மகனுக்கு அசலில் வேறு பெண் பார்க்கலாமா என்று பேச ஆரம்பித்துவிட்டார். சொந்தத்தில் கட்டியதுதான் காரணமா?

4 பிப்ரவரி, இரவு

இல்லை. சொந்தத்தில் கட்டியதற்கும் கரு கலைவதற்கும் சம்பந்தமே கிடையாது. அந்த ஊசிக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். நான் டாக்டர் இல்லை. சிம்மக்கல் பக்கம் ஒரு லேபில் பதினாறு வருஷமாக ரத்தம் எடுப்பவள். நானும் அத்தை மகனைக் கட்டியவள். எனக்கும் மூன்று கலைந்திருக்கிறது. நீங்கள் சொல்லும் அதே ஊசியை இந்தக் கையில் போட்டிருக்கிறேன். நாளை டியூட்டி முடித்து நிதானமாக எழுதுகிறேன்.

6 பிப்ரவரி

கிளினிக்கில் "ரத்தக்கட்டு" என்று சொன்னது எச்எல்ஏ என்ற மரபணுக்களை. ஆறாவது குரோமோசோமில் நெருக்கமாக உட்கார்ந்திருக்கின்றன. இது நம் செல், இது வேற்றுச் செல் என்று உடம்பு அடையாளம் பார்ப்பது இவற்றை வைத்துத்தான். கிட்னி மாற்றும்போது பொருத்தம் பார்க்கிறார்களே, அதுவும் இதுதான். இருவர் கட்டும் ஒன்றுபோல் இருந்தால் கருவை வேற்றாள் என்று தாயின் உடம்பு கண்டுகொள்ளாது, அதைக் காக்கும் ஏற்பாடும் செய்யாது என்பது கிளினிக்காரர்கள் வாதம். நெருக்கமாக இருப்பதால் பெரும்பாலும் ஒரே கட்டாகப் பிள்ளைக்குப் போகும். அப்பாவிடம் இரண்டு கட்டு, அம்மாவிடம் இரண்டு கட்டு, பிள்ளைக்கு ஆளுக்கொன்று.

இப்போது கணக்குப் போடுங்கள். மாமா மகன், அத்தை மகள் இருவரும் தாத்தா பாட்டியிடமிருந்து வந்த ஒரே கட்டை வைத்திருக்க வாய்ப்பு நாலில் ஒன்று. தாய்மாமனையே கட்டினால் இரண்டில் ஒன்று. அப்படிப் பொதுவாக ஒரு கட்டு இருந்தாலும், அதையே இரண்டு பக்கமும் வாங்கும் கரு மறுபடி நாலில் ஒன்றுதான். அப்படியானால் உங்கள் மூன்று கருவுமே அதனால் போயிருக்க எத்தனை வாய்ப்பு என்று பாருங்கள்.

என் அப்பத்தா தாய்மாமனுக்கு வாக்கப்பட்டவர். ஏழு பெற்று ஏழும் பிழைத்தது. அதில் ஒருவர் என் அப்பா, ஒருவர் என் மாமியார். எனக்கு இரண்டாவது தடவை கலைந்தபோது "நம்ம ரத்தம் ஒண்ணாப் போச்சுடி" என்று சொன்னவரும் அதே அத்தைதான். ஒரு குடும்பத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, தெரியும். ஆனால் வேலூர் சி.எம்.சி. ஆய்வாளர்கள் வட ஆற்காட்டில் ஆயிரக்கணக்கான திருமணங்களைக் கணக்கெடுத்து 1977ல் வெளியிட்டதும் இதைத்தான் சொன்னது: சொந்தத்தில் கட்டியவர்களுக்குக் கரு கலைவது கூடுதலாக இல்லை.

7 பிப்ரவரி

நான் எழுதியதைத் திருத்த வேண்டும். "சம்பந்தமே கிடையாது" என்று நாலாம் தேதி எழுதியது அதிகப்படி.

அமெரிக்காவில் ஹட்டரைட் என்று ஒரு கிறித்தவச் சமூகம். தங்களுக்குள்ளேயே கட்டிக்கொள்பவர்கள், கூட்டாக விவசாயம் செய்பவர்கள். கரோல் ஓபர் என்ற மரபியல் ஆராய்ச்சியாளர் பல வருஷம் அவர்களோடு பழகிப் பார்த்ததில், எச்எல்ஏ பொருந்திப்போன ஜோடிகளுக்குப் பிள்ளைக்கும் பிள்ளைக்கும் இடைவெளி சற்று நீண்டது, கரு கலைவதும் சற்றுக் கூடியது. ஆகவே கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அதே ஹட்டரைட்கள் உலகத்திலேயே அதிகம் பிள்ளை பெற்ற சமூகங்களில் ஒன்று. பொருந்திப்போன ஜோடிகளும் வீடு நிறையப் பெற்றிருக்கிறார்கள். இதைக் காட்டி ஒரு பெண்ணை வீட்டை விட்டு அனுப்ப முடியாது.

இன்னொன்று. சொந்தத்தில் கட்டுவதில் ஆபத்தே இல்லை என்றும் படித்துவிட வேண்டாம். பிறக்கும் பிள்ளைக்குக் காது கேளாமை, ரத்த நோய் மாதிரி மறைந்திருக்கும் குறைகள் வெளிப்படுவது கூடத்தான் செய்யும். அது வேறு கணக்கு.

11 பிப்ரவரி

ஒருவர் கேட்டிருக்கிறார்: "பாதி அப்பாவுடைய உடம்பு. அதை அம்மாவின் உடம்பு ஏன் பத்து மாசம் தாங்குகிறது?" இதே கேள்வியை 1953ல் பீட்டர் மெடாவர் கேட்டார். பின்னால் நோபல் வாங்கியவர். வேறொருவர் தோலை ஒட்டினால் உடம்பு உதிர்த்துவிடுகிறது, கருவை ஏன் விட்டுவைக்கிறது? இன்றைக்கும் முழு விடை வந்துவிடவில்லை. தெரிந்த வரைக்கும்: நஞ்சின், அதாவது நஞ்சுக்கொடியின், வெளிச் செல்கள், தள்ளிவிடக் காரணமாகும் எச்எல்ஏ-ஏ, எச்எல்ஏ-பி இரண்டையும் காட்டுவதே இல்லை. அதற்குப் பதில் எச்எல்ஏ-ஜி, எச்எல்ஏ-இ, எச்எல்ஏ-சி என்று மூன்றைக் காட்டுகின்றன. ஜி என்பது வேறெங்கும் அனேகமாகப் பார்க்க முடியாதது, இந்த வேலைக்கென்றே இருப்பதுபோல.

கருப்பையின் உள்பக்கம் ஆரம்ப மாதங்களில் இருக்கும் வெள்ளை அணுக்களில் 70 சதவீதம் என்கே செல்கள். இயற்கைக் கொல்லி செல் என்று பெயர். அந்தப் பெயர்தான் எல்லாரையும் பயமுறுத்துகிறது. நானே முதல் தடவை ரிப்போர்ட்டில் பார்த்து, எனக்குள் ஏதோ என் பிள்ளையைக் கொல்கிறது என்று இரவெல்லாம் அழுதிருக்கிறேன். அங்கே இருக்கும் என்கே செல் அப்படிக் கொல்வதில்லை. கண்மாய் மடையில் நீர்பாய்ச்சி நிற்பானே, அந்த மாதிரி. நஞ்சு தாயின் ரத்தக் குழாயை விரித்துக் கூடுதல் ரத்தம் கேட்கும். எவ்வளவு திறப்பது என்று அந்தச் செல்கள் பார்த்துக்கொள்ளும். சரியாகத் திறக்காவிட்டால் பிள்ளை வளராது, அம்மாவுக்குப் பிரஷர் ஏறும். அளவுக்கு மீறித் திறந்தாலும் சிக்கல்.

மரபணு நிஜமாகவே உள்ளே வருவது இங்கேதான். என்கே செல்லின் மேல் கேஐஆர் என்று ஒரு வகைப் பூட்டு, பத்தொன்பதாவது குரோமோசோமிலிருந்து. நஞ்சின் மேல் எச்எல்ஏ-சி என்ற சாவி, பாதி அப்பா கொடுத்தது. தாய்க்கு கேஐஆர் "ஏஏ" வகையும், பிள்ளைக்கு அப்பா வழியில் "சி2" வகையும் அமைந்தால் மடை சரியாகத் திறக்காமல் போகும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்று 2004லிருந்து கேம்பிரிட்ஜ்காரர்கள் எழுதிவருகிறார்கள். கவனித்தீர்களா, இதில் சிக்கல் இருவரும் ஒன்றுபோல் இருப்பதால் வருவது இல்லை. எந்தப் பூட்டு, எந்தச் சாவி என்பதால் வருவது. அசலில் கட்டினாலும் அதே பாடுதான். நம் நாட்டில் "பி" வகைக் கேஐஆர் அதிகம், அதனால் "ஏஏ" பெண்கள் ஜப்பானைவிட இங்கே குறைவு.

12 பிப்ரவரி

"கேஐஆர் டெஸ்ட் எடுக்கவா?" என்று மூன்று பேர். வேண்டாம். முடிவு எதுவாக வந்தாலும் அதை வைத்துச் செய்ய நிரூபணமான வைத்தியம் ஒன்றும் இல்லை. கையில் எடுக்கும் ரத்தத்தில் என்கே எண்ணிக்கை பார்ப்பதும் அப்படியே. கையில் ஓடும் என்கே வேறு, கருப்பையில் இருக்கும் என்கே வேறு. வைகையில் தண்ணீர் எவ்வளவு என்று பார்த்துவிட்டு நம் ஊர்க் கண்மாய் நிறைந்துவிட்டது என்று சொல்வதுபோல.

18 பிப்ரவரி

ஊசிக் கதை. தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன், எழுத வராமல்.

2014. இரண்டு கலைந்திருந்தது. ஒரு தனியார் கிளினிக்கில் ஒரு டெஸ்ட் எழுதினார்கள். கணவரின் செல்லுக்கு எதிராக என் ரத்தத்தில் எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி, இருக்கிறதா என்று. "இல்லை" என்று வந்தது. "பார்த்தீங்களா, அவரோட செல்லை உங்க உடம்பு கண்டுக்கவே இல்ல, பாதுகாப்பு உண்டாகல" என்றார்கள். அவர் கையிலிருந்து ரத்தம் எடுத்து, வெள்ளை அணுவைப் பிரித்து, என் முன்கையில் தோலுக்கடியில் அஞ்சாறு இடத்தில் போட்டார்கள். கொசு கடித்ததுபோல் தடித்துச் சிவந்து ஒரு வாரம் அரிக்கும். மூன்று தடவை. மூன்று பவுன் செயினை அடகு வைத்தோம். மறுபடி டெஸ்ட் எடுத்ததில் "இருக்கிறது" என்று வந்தது. அன்றைக்கு அவர் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தார், டவுன்ஹால் ரோட்டில் நின்று குடித்தோம். அத்தனை சந்தோஷம்.

2015 மார்ச்சில் நாள் தள்ளியது. ஒன்பதாவது வாரம் ஸ்கேனில் துடிப்பு இல்லை.

கலைந்த கருவின் துணுக்கை குரோமோசோம் பார்க்க அனுப்பியிருக்க வேண்டும். முதல் மூன்று மாதத்தில் கலைவதில் பாதிக்கு மேல் கருவின் குரோமோசோம் கோளாறு. அது யாருடைய எதிர்ப்பு சக்தியாலும் வருவது இல்லை. ஆனால் கிளீன் செய்த இடத்தில் அதை ஃபார்மலினில் போட்டுவிட்டார்கள். ஃபார்மலினில் போட்டால் செல் செத்துவிடும், வளர்த்துப் பார்க்க முடியாது. உப்புநீரில் போட வேண்டும். தினமும் சாம்பிள் கையாளும் எனக்கு இது தெரியும். படுத்திருந்த இடத்திலிருந்து பாட்டிலைப் பார்த்தேன். வாயைத் திறக்கத் தெம்பில்லை. ஒன்பது வருஷம் ஆகிறது, அந்த பாட்டில் இன்னும் கண்ணில் நிற்கிறது. உங்களுக்கு அப்படி ஒன்று வரவே வேண்டாம். வந்தால், கூட வருபவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: ஃபார்மலின் வேண்டாம், உப்புநீர்.

அந்த ஊசிக்கு வருகிறேன். 1985ல் லண்டனில் ஒரு சிறிய சோதனை நன்றாக வந்ததால் உலகம் முழுக்கப் பரவியது. அப்புறம் கரோல் ஓபர், ஏழாம் தேதி சொன்னேனே அவரேதான், பெரிய சோதனை நடத்தி 1999ல் லான்செட் மருத்துவ இதழில் போட்டார். கணவரின் செல்லைப் போட்ட பெண்களில் 36 சதவீதம் பேருக்குக் கரு நின்றது. வெறும் உப்புநீர் போட்டவர்களில் 48 சதவீதம். 2002ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, ஆராய்ச்சிக்கு வெளியே இதைப் போடக் கூடாது என்று நிறுத்தியது. நான் அடகுக்கடை வாசலில் நின்றது அதற்குப் பன்னிரண்டு வருஷம் கழித்து.

அந்த எதிர்ப்பொருள் டெஸ்டும் அர்த்தமில்லாதது. ஒரு சிக்கலும் இல்லாமல் முதல் பிள்ளை பெறும் பெண்களில் பெரும்பாலோருக்கு அது இருப்பதே இல்லை.

19 பிப்ரவரி

திருமங்கலம் அண்ணன் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். அவர் மனைவிக்கு இந்த ஊசி போட்டபிறகுதான் பையன் பிறந்தானாம், "எங்கள் பிள்ளையைப் பொய் என்கிறாயா?" என்று. அண்ணே, பிள்ளை நிஜம். உங்கள் சந்தோஷத்தில் கை வைக்க நான் யார். நான் சொல்வது வேறு. 2015ல் வெளிவந்த பிராமிஸ் சோதனையில், காரணம் தெரியாமல் மூன்றோ அதற்கு மேலோ கலைந்த பெண்களில் பாதிப் பேருக்குக் கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன், பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. புரோஜெஸ்டிரோனில் 65.8 சதவீதம் பேருக்குப் பிள்ளை பிறந்தது. வெறும் மாத்திரையில் 63.3. ஒன்றுமே செய்யாமல் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பேருக்குப் பிள்ளை. அந்த இரண்டு பேரும் அந்தச் சமயத்தில் எதைச் செய்துகொண்டிருந்தார்களோ, அதற்குத்தான் பெயர் போகும்.

எனக்கு 2017ல் மகள் பிறந்தாள். ஊசி இல்லை, டிரிப் இல்லை, போலிக் ஆசிட் மட்டும். அத்தை திருக்கருகாவூர் நெய் என்கிறார். கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியில் வாங்கி வந்து ஒரு மண்டலம் கொடுத்தார். நான் மறுத்துப் பேசுவதில்லை. அந்த நெய்க்கு என் செயின் போகவில்லை, தினமும் ராத்திரி அவர் ஸ்பூனில் எடுத்து வாயில் ஊட்டினார். "ரத்தம் ஒண்ணாப் போச்சு" என்று சொன்ன அதே வாய்க்காரர்.

3 மார்ச்

உசிலம்பட்டித் தங்கை, ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டு எதுவும் பார்க்காமல் இருக்கச் சொல்லவில்லை. நோய் எதிர்ப்பு சக்தியால் கரு கலைவது உண்மையிலேயே ஒன்று இருக்கிறது, அதற்கு மருந்தும் இருக்கிறது. ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம், சுருக்கமாக ஏபிஎஸ். 1983ல் கிரஹாம் ஹியூஸ் என்ற டாக்டர் எடுத்துச் சொன்னது.

என் மதினிக்கு, அதாவது வீட்டுக்காரரின் அக்காவுக்கு இதுதான். அவர் அசலில் கட்டியவர், மாப்பிள்ளை தேவகோட்டைப் பக்கம், ஏழு தலைமுறைக்கும் ஒட்டுறவு கிடையாது. நாலு போனது. ஒன்று ஆறாவது மாசம். அவரை யாரும் "ரத்தம் ஒண்ணு" என்று சொல்ல முடியாதே, "ராசி இல்ல" என்றார்கள். அவர் உடம்பு தன் செல்களின் சொந்தக் கொழுப்புப் பொருளுக்கு எதிராகவே எதிர்ப்பொருள் செய்துகொண்டிருந்தது. அதில் ரத்தம் உறையும், நஞ்சும் கெடும். தினமும் குறைந்த அளவு ஆஸ்பிரின், ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் ஹெப்பாரின் ஊசி. 1997ல் லண்டனில் 90 பெண்களை வைத்துப் பார்த்ததில் ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 சதவீதம் பேருக்குப் பிள்ளை, இரண்டும் எடுத்தவர்களில் 71 சதவீதம். மதினிக்கு இப்போது ஒரு பையன், எட்டாவது படிக்கிறான்.

4 மார்ச்

டெஸ்ட் எடுக்கும் விதம். மூன்று டெஸ்ட்: லூபஸ் ஆன்டிகோயகுலன்ட், ஆன்டிகார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைகோபுரோட்டீன். மூன்றும் வேண்டும். ஒரு தடவை பாசிடிவ் வந்தால் போதாது, குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடி எடுத்து அப்போதும் பாசிடிவ் வந்தால்தான் ஏபிஎஸ். காய்ச்சல், வைரஸ் தொற்றிலும் தற்காலிகமாகப் பாசிடிவ் காட்டும். லூபஸுக்கு நீல மூடி டியூப், கோடு வரைக்கும் ரத்தம் நிறைய வேண்டும், குறைந்தால் முடிவு தவறும். ஹெப்பாரின் போட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தாலும் தவறும். லேபில் அவசரப்படுத்தாதீர்கள், அந்த டியூபை மெஷினில் இரண்டு தடவை சுற்ற வேண்டும்.

இதோடு தைராய்டு, சுகர், கருப்பை வடிவம் பார்க்க ஸ்கேன், இருவருக்கும் குரோமோசோம். இருவருக்கும். திரும்பத் திரும்பக் கரு கலையும் நூறு ஜோடியில் மூன்று நாலு ஜோடியில் ஒருவருக்குக் குரோமோசோமின் ஒரு துண்டு இடம் மாறியிருக்கும், அது கணவரிடமும் இருக்கலாம்.

17 மார்ச்

இன்று ஞாயிறு, அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். "எங்கம்மா கதைய எழுதலயா?" என்றார்.

அம்மாச்சிக்கு முதல் பிள்ளை என் அம்மா. நல்லபடி பிறந்தார். அதற்கப்புறம் நாலு, எல்லாம் நிறைமாதம், பிறந்து ஓரிரு நாளில் மஞ்சளாகிச் செத்தது. சோழவந்தானில் காத்து கருப்பு என்று சொல்லிப் பேயோட்டினார்கள், அடித்திருக்கிறார்கள். கடைசிக் காலத்தில் கண்புரைக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதுதான் ஓ நெகட்டிவ் என்று தெரிந்தது. அம்மா ஓ பாசிடிவ். முதல் பிரசவத்தில் பிள்ளையின் ரத்தம் கலந்து தாய் உடம்பு எதிர்ப்பொருள் செய்துகொள்ளும், அடுத்த பாசிடிவ் பிள்ளையின் சிவப்பணுவை அது உடைக்கும். தாயின் உடம்பு பிள்ளையைத் தாக்குகிறது என்று தயங்காமல் சொல்லக்கூடியது இதுதான். இதற்கு 1968லேயே ஆன்டி-டி ஊசி வந்துவிட்டது. ஏழாம் மாதம் ஒன்று, பிள்ளை பாசிடிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் ஒன்று. நெகட்டிவ் பெண்களுக்குக் கரு கலைந்து கிளீன் செய்தாலும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

அம்மா அழவில்லை. "நாலு தம்பி தங்கச்சி" என்று மட்டும் சொன்னார்.

24 ஏப்ரல்

நேற்று அழகர் ஆற்றில் இறங்கினார். கூட்டத்தில் ஒரு பெண் மடியில் தொட்டில் பொம்மை வைத்துக்கொண்டு நின்றாள், இருபத்தைந்து இருக்கும். இந்தக் கேள்வி பதில் இழை ஞாபகம் வந்தது. இன்ட்ராலிப்பிட் டிரிப் பற்றிக் கேட்டவருக்கு: அது சோயா எண்ணெயும் முட்டைக் கொழுப்பும் கலந்தது, வாயால் சாப்பிட முடியாதவர்களுக்கு நரம்பில் ஏற்றுகிற உணவு. கரு நிற்கும் என்பதற்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை. பால்போல் வெள்ளையாக இருக்கும், பார்த்தால் நம்பிக்கை வரும். நானும் நம்பியிருப்பேன்.

இன்னொருவர், நம் ஊரில் யாராவது எச்எல்ஏ பார்த்திருக்கிறார்களா என்றார். காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பன் பல வருஷம் பார்த்தவர். உசிலம்பட்டிப் பக்கத்துப் பிறமலைக் கள்ளர் சமூகத்தின் எச்எல்ஏவை ஆராய்ந்திருக்கிறார். எந்த எச்எல்ஏ இருந்தால் காசநோய், தொழுநோய் எப்படி வருகிறது என்பதும் அவர் வேலை. எச்எல்ஏ எத்தனை வகையாக இருக்கிறதோ அத்தனைக்கு ஊர் நோயைத் தாங்கும். அது கருவைக் கெடுக்க வந்த மரபணு கிடையாது.

19 மே

உசிலம்பட்டித் தங்கையின் இரண்டாவது ரிப்போர்ட் வந்துவிட்டது. பிப்ரவரி 20ல் எடுத்ததில் ஆன்டிகார்டியோலிப்பின் லேசாகப் பாசிடிவ். மே 16ல் எடுத்ததில் மூன்றும் நெகட்டிவ். குரோமோசோம் இருவருக்கும் சரி. தைராய்டு சரி.

போனில் அழுதது. "ஏபிஎஸ்னு வந்திருந்தா ஒரு காரணம் கிடைச்சிருக்கும்க்கா, அத்தைகிட்டக் காட்டியிருப்பேன்" என்றது. எனக்கு அது நன்றாகப் புரிகிறது. நோய் இல்லை என்று வந்த காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நானும் அழுதிருக்கிறேன். தங்கை, காரணம் கிடைக்காதவர்களைத்தான் பிராமிஸில் சேர்த்தார்கள். அந்த 63.3 சதவீதம் உன் மாதிரிப் பெண்கள். உனக்கு 29தான் ஆகிறது.

கிளினிக்கிலிருந்து ஊசிக்கு மறுபடி கூப்பிட்டார்களாம். போகவில்லை.

2 ஜூன்

உசிலம்பட்டித் தங்கையின் மாமியார் இதையெல்லாம் மகனைப் படிக்கச் சொல்லிக் கேட்டாராம். "அந்தப் பொண்ணு இன்னும் என்ன எழுதியிருக்கு?" என்றாராம். அப்படியானால் இது உங்களுக்கு, அம்மா.

உங்கள் மகன் ரத்தத்திலும் மருமகள் ரத்தத்திலும் இன்றைக்கு மருத்துவம் பார்க்கத் தெரிந்ததைப் பார்த்தாகிவிட்டது. ஒரு குறையும் இல்லை. மூன்று தடவையும் அந்தப் பிள்ளை ஸ்கேனுக்கு உசிலம்பட்டியிலிருந்து ஆரப்பாளையம் பஸ்ஸில் தனியாகத்தான் வந்திருக்கிறது. மூன்று தடவையும் தனியாகத்தான் திரும்பியிருக்கிறது. அடுத்த தடவை நாள் தள்ளினால் ஏழாவது வாரம் ஸ்கேன் எடுப்பார்கள். நீங்களும் கூட வாருங்கள். காலை எட்டு மணிக்குள் வந்தால் கூட்டம் இருக்காது. என் லேப் பக்கத்துத் தெருதான், வந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம்.